ஸ்டியரிங் பட்டன்

பாஸ்கரனின் இடக்கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நான்கும் போன ஆடி மாதம் பிரஸ் மெஷினுக்குள் போய்விட்டன. ஓசூரில் அவன் வேலை பார்த்த கம்பெனி அவனை ஸ்டோர்ஸுக்கு மாற்றியது. முசிறியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள். அவன் அழாததைப் பார்த்து மனசு கெட்டி என்றார்கள். அப்படி ஒன்றுமில்லை. உள்ளே எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான், தூங்கச் சொன்னால் படுத்தான்.

பழைய காரைக் கொடுத்துவிட்டு, கியர் மாற்றும் வேலையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார்கள். அதில் இருந்த ஸ்டீரியோ சீக்கிரமே மண்டையைப் போட்டது. மனைவி தர்ஷினியின் தம்பி ஹரீஷ்குமார் வண்டியை பெங்களூருக்கு எடுத்துப்போய், பெரிய திரை வைத்த புது செட்டை மாட்டிக் கொண்டுவந்து விட்டான். பாட்டு நன்றாகவே கேட்டது. ஸ்டியரிங்கின் இடப்பக்கத்தில் இருந்த பட்டன்கள் மட்டும் வேலை செய்யவில்லை. பாஸ்கரன் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போதுதான் தர்ஷினிக்குத் தெரிந்தது. குருபரப்பள்ளி தாண்டியதும் போன் வந்து செட் அலறியது. அதை நிறுத்த, பாஸ்கரன் ஸ்டியரிங்கிலிருந்து வலக்கையை எடுத்து, குறுக்கே நீட்டித் திரையைத் தொட்டான். வண்டி பக்கவாட்டில் இழுத்தது. லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே உரசுவதுபோல் கடந்து போனது. தர்ஷினி கத்திவிட்டாள். பாஸ்கரன் வண்டியை நேராக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். தானும் பயந்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பாகலூர் ரோட்டில் இருக்கும் கார் அக்சஸரீஸ் கடைக்கு அவனைக் கூட்டிப்போனாள். கடைக்காரர் மாதேஸ்வரன் செட்டை வெளியே இழுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஸ்டியரிங்குக்குப் போற ஒயரு ரெண்டையும் டேப் சுத்தி சும்மா உட்டுட்டாங்க சார்" என்றார்.

ஒயர்களைச் சேர்த்தார். ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு அளவில் சிக்னல் அனுப்பும், எது எதற்கு என்று புது செட்டுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். ஸ்டியரிங்கில் பட்டனை அழுத்திப் பிடித்தபடி, திரையில் அதற்கான படத்தைத் தொட வேண்டும். ஓட்டுகிறவரே செய்துவிட்டால் கைக்குப் பழகிவிடும் என்று அவனையே சீட்டில் உட்காரச் சொன்னார்.

பாஸ்கரன் கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்து, வலக்கையால் திரையைத் தொட்டான். ஒன்றும் பதியவில்லை. மறுபடி செய்தான். அப்போதும் இல்லை. பட்டனே போயிருக்கும்போல என்று மாதேஸ்வரன் குனிந்து தானே அழுத்திப் பார்த்தார். உடனே பதிந்தது.

"நல்லா அழுத்துங்க சார்."

"அழுத்துறனா இல்லையான்னு எனக்குத் தெரியல" என்றான் பாஸ்கரன். "இந்த விரல்லயும் உணர்ச்சி இல்ல."

மணி கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னான். பக்கத்து சீட்டில் இருந்த தர்ஷினி அவன் பக்கம் திரும்பினாள். போகும்போதெல்லாம் டாக்டரிடம் அவன் உணர்ச்சி திரும்பிவருகிறது என்றே சொல்லிவந்தான். கூடவே உட்கார்ந்து அவளும் அதை நம்பியிருந்தாள்.

மாதேஸ்வரன் செட்டிங்கில் போய் எதையோ மாற்றினார். பட்டன் அழுந்தினால் இனி பீப் சத்தம் வரும், சத்தம் வரும்வரை அழுத்தினால் போதும் என்றார். தர்ஷினியைக் காட்டி, வேண்டுமானால் அம்மாவே இப்போது அழுத்திக் கொடுக்கட்டும் என்றும் சொன்னார்.

"வேணாம். நானே பண்றேன்."

நகம் வெளுக்கும்வரை அழுத்தினான். பீப் வந்தது. சத்தம் கூட்ட, குறைக்க, பாட்டு மாற்ற, போன் எடுக்க என்று ஒவ்வொன்றாகப் பதிந்தது. போனை வைக்கும் பட்டன் மட்டும் முரண்டு பிடித்து, பிறகு அதுவும் வழிக்கு வந்தது.

திரும்பி வரும் வழியில் தர்ஷினி, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள்.

"அடிபட்ட அன்னிலேருந்தே."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

அவன் யோசித்தான். மறைக்க வேண்டும் என்று நினைத்த ஞாபகம்கூட இல்லை.

"ஒரு விரலாவது நல்லா இருக்குன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டீங்க. அதான்."

சிக்னலில் வண்டி நின்றது. தர்ஷினி ஸ்டியரிங்மேல் இருந்த அந்தக் கட்டைவிரலைப் பிடித்தாள்.

"தெரியுதா?"

"இல்ல."

நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம், இந்தத் தடவை நான்தான் பேசுவேன் என்றாள். சரி என்றான். அவள் பிடியை விடவில்லை. அவள் விரல்கள் தன் விரலைச் சுற்றியிருப்பதை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. விளக்கு பச்சையானதும் பின்னால் நின்ற கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவன் வலக்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியை மெதுவாக நகர்த்தினான்.