பாறைக்கோணத்துக்கு நடந்த நிழற்குடை

சாமிக்குட்டிவிளை பேரூராட்சி சந்தை முக்கில் கட்டிய பஸ் நிழற்குடை, திறப்பு விழா முடிந்த ஏழாம் நாள், ஜனவரி பன்னிரண்டு, காலை பத்தரை மணிக்கு மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. உள்ளே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் இறங்கவில்லை. விளையாட்டுப் பக்கம் பாக்கி இருந்தது. அன்றைக்கு அறுபது அடி போனது. மறுநாளும் அறுபது அடி. ஞாயிற்றுக்கிழமைகூட அது லீவு எடுக்கவில்லை.

போகும் திசையைக் கண்டதும் ஒன்பதாம் வார்டு கவுன்சிலர் சத்தியபாய் கூடவே நடந்து பார்த்தாள். மேற்கே இரண்டு கிலோமீட்டரில்தான் அவளுடைய வார்டு, பாறைக்கோணம். நூலகம், உடற்பயிற்சிக் கூடம், போட்டித் தேர்வு வகுப்பு என்று இளைஞர்களுக்காகப் பேரூராட்சி கட்டியதெல்லாம் சந்தை முக்கைச் சுற்றியே நிற்க, பாறைக்கோணத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர் தோட்டத்தின் வழியே நடைதான் விதித்திருந்தது. ஞானையனின் மகள் பிரீனாவுக்குப் போன வருஷமே பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க விடியும் முன்னே தோட்டத்தைக் கடக்க வேண்டும். ஞானையன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். அந்நேரம் கத்தியும் கையுமாக நிற்பான், துணைக்கு வர முடியாது. "ஒரு வருஷம் பொறு மக்கா, பஸ்ஸை உனக்க வாசலுக்குக் கொண்டு வாறேன்" என்று சொன்னவள் சத்தியபாய். ஓட்டு கேட்கப் போகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். இந்தப் பெண் அதை நம்பித் தொலைத்து, கிடைத்த இடத்தை விட்டுவிட்டாள். அதிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க சத்தியபாய்க்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் வழியில் அகப்பட்டபோது பிரீனா மெதுவாகத்தான் சொன்னாள்: "இந்த வருஷமும் போச்சுன்னா நான் அண்டியாபீசுக்குப் போயிருவேன் மாமி. பொறவு வந்து படிக்கக் கூப்பிடாதீங்க." முந்திரி உடைத்துக் கறுத்த விரல்களோடு அவளுடைய சிநேகிதிகள் ஆறு பேர் ஏற்கெனவே அந்த முந்திரி ஆலையில்தான் இருந்தார்கள்.

பேரூராட்சி சும்மா இருக்கவில்லை. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தது. கயிறு அறுந்தது, நிழற்குடை அன்றைய அறுபது அடியைக் குறைவில்லாமல் நடந்து முடித்தது. நிழற்குடை எங்கேயோ அங்கேதான் நிறுத்தம் என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். டிரைவர் முருகதாஸ் தினமும் கொஞ்சம் கூடுதலாக ஓட்டினார். பாவம், நொந்துபோனவர் துணைத்தலைவர் பகவதியப்பன். சந்தை முக்கில் அவருக்கு டீக்கடை. பத்திரிகை வாசிப்பவர்களும் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் நிழற்குடையோடு போய்விட்டதால் கடையில் ஈ ஓட்டினார். கடைசியில் பாய்லரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, திட்டிக்கொண்டே பின்னால் போனார்.

மார்ச் பாதியில் நிழற்குடை ஓடைப் பாலத்துக்கு வந்து நின்றுவிட்டது. பாலம் ஏழடி அகலம், நிழற்குடை பத்தடி. இத்தனை வருஷம் பஸ் வராததும் இதே பாலத்தால்தான். சத்தியபாய் தினமும் போய்த் தூணைத் தொட்டுப் பார்த்தாள், அசையவில்லை. நடப்பது அதன் வேலை, பாலத்தை அகலமாக்குவது நம் வேலை என்று அவளுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. மன்றத்தில் மனு வைத்தாள். இருக்கிற நிதி சந்தை முக்கில் அலங்கார வளைவு கட்டுவதற்கு என்றார்கள். அவள் உட்கார்ந்தபோது, யாரும் எதிர்பாராத விதமாக எழுந்தவர் பகவதியப்பன். "வளைவு இல்லேன்னா நாம யாரும் சாவ மாட்டோம். பாலத்துக்கு அக்கரையில எண்ணூறு பேரு சாயா குடிக்காம கெடக்கான். நிழற்குடை போனாத்தானே எனக்க வண்டியும் அங்க போகும்?" தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஏப்ரல் முடியுமுன் பாலமும் முடிந்தது. நிழற்குடை நடந்ததை விட்டுவிட்டு, அரசாங்க வேலை சொன்ன தேதிக்கு முடிந்ததைத்தான் ஊர் அதிசயமாகப் பேசியது.

பாலிடெக்னிக் திறப்பதற்கு முந்தின நாள் நிழற்குடை பாறைக்கோணம் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை பஸ்ஸில், இந்த வருஷமும் இடம் கிடைத்திருந்த பிரீனாவும் இன்னும் நான்கு பேரும் ஏறினார்கள். சத்தியபாய் வாய்விட்டு அழுதாள். கவுன்சிலர் அழலாமா என்று பகவதியப்பன் சாயா கொடுத்தார்.

அந்த நிம்மதி ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் நிழற்குடை மறுபடி கிளம்பியது, பஸ்ஸே கண்டிராத குருசடிக்குன்றுப் பக்கமாக. பாறைக்கோணமே கதிகலங்கிப் போனது. கயிறு எடுக்க ஓடியவர்களை சத்தியபாய்தான் தடுத்தாள், தடுத்த பிறகு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தாள். விடிந்ததும் போய்ப் பார்த்தால், வெறும் சிமென்ட் தடம் மட்டும் இருந்த இடத்தில் பிரீனா புத்தகப் பையோடு தனியே நின்றுகொண்டிருந்தாள். பஸ் வந்தது, நின்றது.

"நிழற்குடை அங்க போச்சே, நீங்க இங்க நிறுத்துதீங்களே?" என்று கேட்டாள் சத்தியபாய்.

"அது போனா போட்டும்" என்றார் முருகதாஸ். "ஆளு நிக்குதுல்லா."

பிரீனா ஏறிக்கொண்டாள்.