உள்ளங்கையில் எட்டு அழுத்தம்

"ஓவர்சீயர் ஐயாவாண்ட ஒரு வார்த்த கேளு. இந்த வேலய எம் பேர்ல மாத்திக் குடுக்கட்டும்."

"இன்னாமே பேசற? ஆத்து அளவு பாக்கப் பொம்பளயா? சிரிப்பாங்க."

"ஒனுக்குத்தான் கண்ணு தெரியலியே."

"அத ஊருக்கு ஏன் சொல்லணும்? நீ பாரு, நான் சொல்றேன்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தானியேல் கஞ்சியைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றிக்கொண்ட அன்று நடந்த பேச்சு இது. மார்த்தாள் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தினமும் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு செய்யாற்றங்கரைக்கு வந்தாள். அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறதோ, அத்தனை முறை அவன் உள்ளங்கையை அழுத்துவாள். அவன் அதைச் சத்தமாகச் சொல்லுவான்.

"ஏன் தானியேலு, பேரப்புள்ள எடுக்கற வயசுல இன்னும் கை கோத்துக்கினு கீறியே," என்று துணி துவைக்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

"கட்டிக்கினவன் புடிக்கறேன், ஒங்களுக்கு இன்னா?" என்பான். மார்த்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

அந்த ஐப்பசியில் மூன்று நாளாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சாலவாக்கம் பக்கம் சாலையே அறுந்துபோயிற்று. காஞ்சிபுரம் போக மிச்சமிருந்தது செய்யாற்றுத் தரைப்பாலம் ஒன்றுதான். அளவுக்கல்லில் ஆறடி என்றால் பாலத்தின் மேல் கணுக்கால் தண்ணீர்; பஸ் போகலாம். ஏழடி என்றால் சிவப்புக் கொடி. செம்மண் கலங்கலில், சாலையில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் ஓவர்சீயர் கிருஷ்ணசாமி தாமே வந்துவிட்டார். மார்த்தாள் ஆறு முறை அழுத்தி முடித்ததுமே, "பொம்பளைங்களுக்கு இங்க என்ன வேலை? கயித்துக்கு அந்தப் பக்கம் போம்மா," என்று விரட்டினார். தானியேல் கரையில் தனியாக நின்றான்.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் போய் அவள் திரும்பி அளவுக்கல்லைப் பார்த்தாள். மேலே ஏதோ ஏரி உடைந்திருக்க வேண்டும். ஏழு என்று எழுதிய இடமே காணோம். எட்டை நக்கிக்கொண்டிருந்தது தண்ணீர்.

உத்திரமேரூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே நாற்பது பேர். ஜன்னலில் ஒரு கைக்குழந்தை மழைக்குக் கை நீட்டியது.

"தானியேலு, எத்தனை?" என்று சாலையிலிருந்து கேட்டார் ஓவர்சீயர்.

"ஆறுங்க."

"இல்ல, எட்டு," என்று மார்த்தாள் கத்தினாள். ஆற்றின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவன், "இருவது வருசமா பாக்கறவருக்கு நீ பாடம் சொல்றியா?" என்று சிரித்தான்.

பஸ் நகர்ந்தது.

அவள் கயிற்றுக்கடியில் குனிந்து ஓடினாள். சேற்றில் விழுந்தாள், எழுந்தாள். எல்லாரும் பார்க்கத் தானியேல் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆறுக்கு மேல் ஏழு. ஏழுக்கு மேல் எட்டு. தானியேல் சாலைப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"எட்டுங்க ஐயா. பஸ்ஸ நிறுத்துங்க."

"இப்பத்தானேய்யா ஆறுன்னே? எது நிஜம்?"

பஸ்ஸின் முன்சக்கரம் தண்ணீரில் இறங்கியது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், வேலையோடு கிடைத்த குடிசையும் போகும். மார்த்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனுக்குக் கண்ணு தெரியாதுங்க," என்றான் தானியேல். "ரெண்டு வருசமா இவதான் பாக்கறா. இவ எட்டுன்னா எட்டுதான்."

ஓவர்சீயர் சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பஸ் பாதிச் சக்கரம் முழுகிய இடத்தில் நின்று, திணறித் திணறிப் பின்வாங்கியது.

திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு வருஷமா என்னை ஏமாத்தியிருக்க."

"ஆமாங்க."

"நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத."

மார்த்தாள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். தானியேல் விடவில்லை. சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினான்.

"நான் வரலீங்க. ஆனா தண்ணி இன்னும் ஏறும், பாக்க ஆளு வேணும். இந்த வேலய எம் பொண்டாட்டி மார்த்தா பேர்ல எழுதிக் குடுங்க ஐயா."