தகப்பனார் நேரில் வர வேண்டும்

கிளாவரை சோலைமுத்து இறந்து நான்காம் வருஷம், பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை முதல் பஸ்ஸில் கோடைக்கானலுக்கு வந்து, மகள் படித்த கல்லூரியின் ஆபீஸ் முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கல்லூரி வரச் சொல்லியிருந்தது, வந்தார். அந்த வாரம் கேரட் விலை ஒரேயடியாகச் சரிந்திருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பஸ் கண்டக்டர் மட்டும் கொஞ்சம் திணறினார். சோலைமுத்துவின் குழியில் ஒரு கை மண் அள்ளிப் போட்டவர் அவர். இறந்தவருக்கு டிக்கெட் கிழிப்பதா வேண்டாமா என்று மன்னவனூர் வரைக்கும் யோசித்துவிட்டு, செக்கிங் வந்தால் யார் பதில் சொல்வது என்று கடைசியில் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் ஒரு கேட்டில் ஆரம்பித்தது. மன்னவனூர் சாலையில் இருக்கும் நீலாம்பிகை மகளிர் கல்லூரியில் விடுதிக் கேட்டை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்கு மேல் எந்தப் பெண்ணாவது எந்தக் காரணத்துக்காவது வெளியே போக வேண்டுமானால் அவளைப் பெற்ற தகப்பனார் போனில் அனுமதி சொல்ல வேண்டும். தைப்பூசத்தன்று லாவண்யா என்ற பெண்ணுக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு இழுத்தது. அவள் அப்பா பொன்னுவேல் பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். தைப்பூசத்தில் அடிவாரத்துக் கடைக்காரருக்குத் தன் பெயரே ஞாபகம் இருக்காது. போன் மேஜை டிராயரில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் எடுத்துப் பார்த்தபோது விடிந்துவிட்டது. அதுவரை லாவண்யா பூட்டிய கேட்டுக்கு உள்பக்கம், சோலைமுத்துவின் மகள் தமிழ்மதி மடியில் கிடந்தாள். இருவரும் ஒரே அறைக்காரிகள். தமிழ்மதி கேட்டைத் தட்டித் தட்டிக் கை வீங்கினாள். வாட்ச்மேன் அருள்தாஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாரே தவிரத் திறக்கவில்லை. லாவண்யா பிழைத்துக்கொண்டாள், ஆனால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாத பிள்ளையாகப் பழனிக்குப் போனவள் திரும்பி மலை ஏறவில்லை.

பெண்கள் கேட் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். முன் வரிசையில் தமிழ்மதி. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: உடம்புக்கு முடியாதவளுக்குக் கேட் திறக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை என்று விதியை மாற்ற வேண்டும். கல்லூரி முதலில் குழாயில் தண்ணீரை நிறுத்திப் பார்த்தது. பிறகு லீவு விட்டுப் பார்த்தது. வெளியாட்கள் தூண்டிவிடுகிறார்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஞானவேல் காரை விட்டு இறங்காமலே, பிள்ளைகள் படிப்பைப் பார்க்கட்டும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்க்கட்சிக்காரர் இறங்கி வந்து, பெண்களோடு தரையில் உட்கார்ந்து, சட்டசபையில் கிழித்துத் தொங்கவிடுவதாகச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டு, வந்தது வந்தோம் என்று ஏரியில் போட்டிங்கும் போய்விட்டு மலை இறங்கினார். பல்கலைக்கழகம் ஒரு விசாரணைக் குழு போட்டது. குழு போட்ட கையோடு, உட்கார்ந்த ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் பதிவுத் தபால் போனது: தகப்பனார் நேரில் வர வேண்டும்.

தகப்பனார்கள் வந்தார்கள். சிலர் வந்த வேகத்தில் எல்லார் முன்னாலும் மகளைக் கன்னத்தில் அறைந்தார்கள், சிலர் மகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். எல்லாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். என் மகள் இனி எந்தப் போராட்டத்திலும் ஈடுபட மாட்டாள், ஈடுபட்டால் கல்லூரி எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்று அதில் இருந்தது. ஒருத்தி ஒருத்தியாக எழுந்து போனார்கள். கையைப் பிடித்து எழுப்ப அப்பன் இல்லாததால் தமிழ்மதி மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எங்கப்பா செத்துப் போயிட்டாருங்க, அம்மா வந்தா போதாதா என்று அவள் ஆபீஸில் கேட்டதற்கு, இறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். சான்றிதழ் கிடையாது. சோலைமுத்துவைக் காட்டுமாடு குத்தியது கிளாவரை எல்லையில், உயிர் போனது வனத்துறை செக்போஸ்ட்டில். எங்கள் கணக்கில் வராது என்று ஊராட்சியும், காட்டில் சாகவில்லை என்று வனத்துறையும் கைவிரித்ததில், அரசாங்கத்துக் காகிதங்கள் அத்தனையிலும் அவர் திடகாத்திரமாக இருந்தார். தபால் அவர் பெயருக்கே வந்தது. அவர் மனைவி குஞ்சம்மாளுக்குப் புருஷனிடம் சொல்லாமல் எந்தக் காரியமும் செய்து பழக்கமில்லை. விதைக்கிழங்கு வாங்கினாலும் புதைத்த இடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். தபாலைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதைக் கொண்டு போய் அவர் தலைமாட்டில் கல்லுக்கடியில் வைத்து, "பிள்ளைக்கு டி.சி. குடுத்துருவாங்களாம், வெரசா ஒரு வழி பண்ணுங்க" என்று சொன்னாள். மறுநாள் வெள்ளனே அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

பிரின்சிபால் சுந்தராம்பாள் கெட்டவர் அல்ல. செத்தவரைக் கண்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் போனைவிட இது ஒன்றும் பயங்கரமாக இல்லை என்று தெளிந்து, தாளை நீட்டினார். சோலைமுத்து எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தார். மார்பில் கொம்பு குத்திய இடத்தில் சட்டை கிழிந்தே இருந்தது, அடக்கத்துக்குப் போட்டுவிட்ட அதே சட்டை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த விசாரணைக் குழுவைப் பார்த்து, "எம்பிள்ளை பண்ண தப்பு என்னன்னு சொல்லிட்டீங்கன்னா போட்டுருவேங்க" என்றார். குழுவில் மூன்று பேர். மூவரும் கோப்பைப் புரட்டினார்கள். இந்தக் கேள்வியை வேறு எந்தத் தகப்பனாரும் கேட்கவில்லை. விசாரணை தேதி குறிப்பிட்டுத் தள்ளி வைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் சோலைமுத்து ஊருக்குப் பஸ் ஏறினார். பூம்பாறை வளைவு தாண்டியதும் சீட்டில் ஆள் இல்லை, கல்லூரி பெஞ்சில் இருந்தார். மறுநாளும் அப்படியே. நடந்து பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. கூப்பிட்டதற்காக வந்தவரைச் சோலி முடியாமல் திரும்ப எடுத்துக்கொள்ள மண்ணுக்கு அதிகாரம் இல்லை போலிருக்கிறது. தமிழ்மதியின் நிலைமையும் அதேதான். விசாரணை நிலுவையில் இருப்பதால் பரீட்சை எழுத முடியாது, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு கல்லூரிக்கும் போக முடியாது. கிளாவரையில் அம்மாவோடு கேரட் பிடுங்கிக் கழுவினாள், வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்தாள். குஞ்சம்மாள் கொடுத்துவிடும் சோற்றை அவர் சாப்பிடுவதில்லை, ஆனால் தூக்குப் போசியை மடியில் வைத்துச் சூடு ஆறும் வரை பிடித்திருப்பார். தமிழ்மதி கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி, கல்யாணம் கட்டி, பத்திரிகை கொடுக்கக் கல்லூரிக்கு வந்தபோது பெஞ்சில் அப்பாவும் மகளும் இருப்பதைப் பார்த்துச் சங்கடப்பட்டு வேறு வாசல் வழியாகப் போனார்கள்.

வாக்காளர் பட்டியலில் சோலைமுத்துவின் பெயர் நீக்கப்படாமல் இருந்ததால் கட்சிக்காரர்கள் அவரை மரியாதையாகவே நடத்தினார்கள். ஞானவேல் பொன்னாடை போர்த்தினார். எதிர்க்கட்சிக்காரர், இறந்தவரையும் அலைக்கழிக்கும் ஆட்சி என்று பெஞ்சுக்குப் பக்கத்தில் மைக் கட்டிப் பேசினார். தேர்தல் வந்தது. எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆகி, பிள்ளைகள் படிப்பைப் பார்க்கட்டும் என்று காரிலிருந்தபடியே சொன்னார். தோற்ற ஞானவேல் தரையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். பொன்னாடை மட்டும் குளிருக்கு உதவியது, அதைச் சோலைமுத்து தன் மகளிடம் கொடுத்துவிட்டார்.

ஒரு ஐப்பசி மழையில், அவர் பெஞ்சுக்கு வந்து மூன்றாம் வருஷமோ என்னவோ, தமிழ்மதி உடைந்துபோய்விட்டாள். தள்ளி வைத்தார்கள் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவள், அப்பாவின் காலடியில் குந்தி உட்கார்ந்து, "போட்டுருங்கப்பா. நீங்க போய்ச் சேருங்க, நானும் எங்கிட்டாச்சும் போறேன். என்னால முடியல" என்று அழுதாள். அவர் தலையில் கை வைத்தார். கை சில்லென்று இருந்தது. "எனக்கு என்னத்தா அவசரம். உனக்குத்தேன் வயசு போகுது. போடச் சொன்னா போட்டுடறேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு ஜீப்புல என்னையப் போட்டுத் தூக்கிட்டு வந்தாங்கள்ல, செக்போஸ்ட்டுல கேட்டப் பூட்டிட்டாய்ங்க. ஆபீசர் சொல்லாமத் தொறக்க மாட்டம்னாய்ங்க. நான் முழிச்சுக்கிட்டேதேன் கெடந்தேன். பூட்டத்தேன் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். அவள் அதற்குமுன் இதைக் கேட்டதில்லை. அன்றைக்கும் கையெழுத்து விழவில்லை.

அந்த மழை விடாத வாரத்திலேயே, கேட் பூட்டிச் சற்று நேரத்தில், சுபஸ்ரீ என்ற முதலாம் ஆண்டுப் பெண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கத் துடிக்கத் தோழிகள் தூக்கி வந்தார்கள். அப்பா திருப்பூரில், போன் எடுக்கவில்லை. அருள்தாஸ் சாவியைப் பூட்டு வரை கொண்டுபோய்த் திரும்ப எடுத்தார். லாவண்யாவுக்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கியதே இல்லை, இருந்தாலும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். சோலைமுத்து பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"தொறங்க தம்பி."

"அனுமதி இல்லீங்கய்யா. யாரு பொறுப்புன்னு நாளைக்குக் கேப்பாங்க, என் வேலை போயிரும்."

"நான் பொறுப்பு. மெமோவ எனக்குக் குடுக்கச் சொல்லுங்க."

கேட் திறந்தது. குடல்வால் வெடிப்பதற்குள் சுபஸ்ரீயை அறுத்துக் காப்பாற்றினார்கள். மறுநாள் சுந்தராம்பாள் முறைப்படி மெமோ எழுதி அவர் கையிலேயே கொடுத்தார், அவர் வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பிடித்தம் செய்யச் சம்பளம் இல்லை, நிறுத்தி வைக்க மகளிடமும் மிச்சம் ஒன்றுமில்லை, ஆளையே மிரட்டலாமென்றால் சாவைத் தாண்டி மிரட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டத்தில் இடமில்லை. அதன் பிறகு காய்ச்சல், கால் பிசகு, பாட்டி சாவு என்று எதுவானாலும் பெண்கள் நேரே பெஞ்சுக்கு வந்தார்கள். விதி ஒரு எழுத்து மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு மெமோ வந்தது, கேட் திறந்தது.

சுந்தராம்பாள் ஓய்வு பெற்று, சுசித்ரா என்பவர் பிரின்சிபாலாக வந்த வருஷம், கல்லூரிக்குத் தரம் போட டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. பெஞ்சில் இறந்தவர் இருந்தால் என்ன தரம் போடுவார்களோ என்ற கவலையில் தமிழ்மதியை அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவளுக்கு அப்போது முன்தலையில் நரை தெரிய ஆரம்பித்திருந்தது. விசாரணையை முடித்துவிட்டோம், கையெழுத்தெல்லாம் வேண்டாம், வருகிற பரீட்சையை எழுதிவிட்டுப் பட்டம் வாங்கிக்கொள், அப்பாவும் இன்றைக்கே போகலாம் என்றார் சுசித்ரா. உத்தரவு டைப் அடித்து மேஜையில் தயாராக இருந்தது. தமிழ்மதி இத்தனை வருஷம் சாமியிடம் கேட்டது அதைத்தான். அதைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பாவின் தோளில் பாசி படர்ந்திருந்தது. யாரோ ஒரு பெண் அவரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், அப்பா என்று கூப்பிடுவது உள்ளே வரை கேட்டது. மற்றவர்கள் அப்படிக் கூப்பிடுவதில் தமிழ்மதிக்கு எப்போதும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

"கேட்டு ரூல மாத்திட்டீங்களா மேடம்?"

"பரிசீலனையில இருக்கும்மா."

"அப்பா போயிட்டா ராத்திரி யாரு பொறுப்பு?"

சுசித்ரா பேனாவை மூடித் திறந்தார். தமிழ்மதி உத்தரவை நாலாக மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்து ஒருமுறை வாசித்தாள், தன் பெயரும் பட்டத்தின் பெயரும் அடுத்தடுத்து இருந்த வரியை மட்டும் இன்னொரு முறை. பிறகு அதை மேஜையில் வைத்தாள்.

"எனக்கு வாய்தா வேணுங்க மேடம்" என்றாள்.

பக்கத்தில் இருந்த விசாரணைக் குழுவினருக்குத் தள்ளி வைப்பது கைவந்த காரியம். யோசிக்காமல் தேதி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் வெளியே போய் அப்பாவிடம் சொன்னாள். அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், பஸ் வரும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டெல்லிக் குழு வந்தது, பெற்றோர் ஈடுபாடு என்ற பகுதியில் கல்லூரிக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனது. கேட்டை இன்னமும் ஆறு மணிக்குத்தான் பூட்டுகிறார்கள். அடுத்த வாய்தா தைப்பூசம் கழிந்து.