நீலா கம்ராவுக்குச் சொன்ன அர்த்தம்

நீலா கம்ரா என்றால் இந்தியில் நீல அறை. ஆனால் அந்தப் பெயரில் டி.வி.யில் வந்த தொடரைப் பார்த்த குரோம்பேட்டை அஸ்தினாபுரத்துத் தெருவே, நீலா என்பது கதாநாயகியின் பெயர், கம்ரா அவளுடைய புகுந்த வீட்டுப் பெயர் என்றே நம்பிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி ஆனால் போதும், "நீலா வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். முதல் வாரமே சரளா திருத்தியிருக்கலாம். வந்தவர்களின் உற்சாகத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

தொண்ணூறாம் வருஷம் அது. டி.வி.யில் டில்லிக்காரன் என்ன காட்டுகிறானோ அதைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தெருவில் கலர் டி.வி. வைத்திருந்தது சரளா வீட்டில் மட்டும்தான். போதாததற்கு அவள் பள்ளிக்கூட நாளில் இந்திப் பரீட்சை எழுதி, இரண்டாம் படியான மத்யமா வரை பாஸ் செய்தவள். அந்தப் பெருமையில் தெரு அவளுக்கு இந்தி அக்கா என்று பட்டம் கட்டிவிட்டது. பட்டம் கட்டினவர்களுக்கு என்ன தெரியும்? சரளாவின் இந்தியில் ராமன் பழம் சாப்பிடுவான், சீதா பாட்டுப் பாடுவாள், அவ்வளவுதான். நீலா கம்ராவில் ஒருத்தரும் பழம் சாப்பிடவில்லை. எல்லோரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, உருது கலந்து, காதோடு காதாகப் பேசினார்கள்.

கதையும் லேசுப்பட்டது அல்ல. மலைமேல் ஒரு பங்களா. அதில் ஒரு நீல அறை. ஆளில்லாத நாற்காலி தானாக ஆடும். ஒரு தபால்காரன் வாரா வாரம் அதே தந்தியைக் கொண்டுவந்து கொடுப்பான். ஒரு வாரம் சாப்பாட்டு மேஜைமேல் குதிரை நின்றது. அது ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை, வேலைக்காரி அதன் காலைச் சுற்றித் தட்டு வைத்துவிட்டுப் போனாள். எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டே ஒரு மனிதன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான்.

அரை மணி நேரம் கதை. அது முடிந்ததும் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காபி கலப்பாள் சரளா. பிறகுதான் உண்மையான கச்சேரி. பக்கத்து வீட்டு வீராசாமி ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். வண்டி எங்கே கிளம்பி எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "அந்த முதுகு யாரோடதும்மா?" என்று இரண்டாவது வாரமே அவளைக் குடைந்து எடுத்துவிட்டார்.

சரளாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "அது அந்த வீட்டுப் பெரியவரோட தம்பி சார். காணாமப் போனவர். அவரோட ஆவி" என்று அடித்துவிட்டாள்.

தம்பி என்கிற வார்த்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. எதிரே கதவோரம் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் குப்புராஜ் வீட்டை விட்டுப் போய் ஆறேழு வருஷம் இருக்கும். பம்பாய்க்குப் போய்விட்டான் என்று பேச்சு. என்றைக்காவது வருவான் என்று, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, மூத்தார், அதாவது குப்புராஜின் அண்ணன், துளசிங்கத்தின் வீட்டில் இருந்தாள். துளசிங்கமும் வாரம் தவறாமல் வந்து, சரளா வீட்டில் கை வைத்த ஒரே நாற்காலியில் உட்காருவார். அந்தத் தெருவின் மனைகளெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். நெல் போட்ட இடத்தில் பிளாட் போட்டவர் அவர். சரளாவின் புருஷன் கேசவனுக்கு மனை விற்றதும் அவர்தான்.

அன்று ஆரம்பித்தது, நிற்கவில்லை. வாரா வாரம் சரளா அந்தத் தம்பிக்குச் சோறு ஊட்டி வளர்த்தாள். தம்பிக்கும் அண்ணனுக்கும் சொத்தில் தகராறு என்றாள். பிறகு ஒரு வாரம் திரையில் வட்டமாக, இருட்டாக ஏதோ வந்து தண்ணீர் சொட்டியது. அது கிணறு, தம்பி அதற்குள்தான் இருக்கிறார் என்றாள். வீராசாமி "அப்படிச் சொல்லுங்க!" என்று தொடையைத் தட்டினார். சரளாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துளசிங்கம் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதை அவள் கவனித்தாள், சர்க்கரை கம்மியோ என்று நினைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் கிழவி வந்தாள். கதையில் அதுவரை ஊமையாக இருந்தவள். நீல அறையின் நடுவில் வந்து நின்று, நேராகப் பார்ப்பவர்களைப் பார்த்து, வாயைத் திறந்தாள்.

"கல்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "கல்... கல்..."

 பட்டப்பகல், வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போகிறான், அப்படியும் எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது.

"இன்னா கல்லு?" என்றார் துளசிங்கம்.

சரளாவுக்கு ஒரே சந்தோஷம். கடைசியாக அவளுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்று வந்திருக்கிறது. "நம்ம கல்லு இல்லீங்க. இந்தியில கல்னா நாளைக்குன்னு அர்த்தம். நேத்துன்னும் சொல்லலாம்."

"நாளைக்கும் நேத்தும் ஒரே வார்த்தையா? அந்த ஊர்ல எப்படிம்மா டைம் டேபிள் போடுவான்?" என்று வீராசாமி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

துளசிங்கம் சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தம் சுண்டிப்போயிருந்தது. "சும்மா கதை வுடாதம்மா. அவ கல்லுன்னுதான் சொல்றா. நான் காதால கேட்டேன். கெணத்தக் கல்லு போட்டு மூடிட்டாங்கன்னு சொல்றாளா?"

 கிணற்றை மூடியதாகச் சரளா எந்த வாரமும் சொல்லவில்லை. கல் போட்டதாகவும் சொல்லவில்லை. அதைத் துளசிங்கமும் அப்போதுதான் உணர்ந்தார் போலும். "பேஜாருப்பா இந்தக் கதை" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

சரளா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின் ஜன்னல் வழியாக ஒரு மூலை நிலம் தெரிந்தது. எல்லா நிலத்தையும் மனையாக்கி விற்ற துளசிங்கம், அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஒரு மூலையை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை. அது பழைய பாசனக் கிணறு. பிள்ளைகள் விழுந்துவிடும் என்று பல்லாவரம் குவாரியிலிருந்து லாரி லாரியாகக் கல் அடித்து மூடினாராம். எப்போது மூடினார் என்று மனை பார்க்க வந்த அன்றைக்கே கேசவன் கேட்டிருந்தான். "எந்தம்பி ஊரை வுட்டுப் போன வருசம்" என்று வாயாலேயே சொன்னார் மனுஷன். அந்தக் கல்மேல் துணி விரித்து இத்தனை கோடையும் வடாம் காயவைத்திருக்கிறாள் சரளா.  ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

அவள் கதை சொல்லவில்லை. வாய்க்கு வந்ததை உளறினாள், உளறியது நிஜத்தின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் நம்பத்தான் போகிறார்களா?

புதன்கிழமை மத்தியானம் துளசிங்கம் தனியாக வந்தார். கேசவன் மறைமலை நகர் தொழிற்சாலையில் இருக்கும் நேரம், அது அவருக்கும் தெரியும். உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"யாரும்மா சொன்னது உனக்கு?"

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. டி.வி.ல வர்றதைத்தான்..."

"டி.வி.க்காரன் என் கொல்லைல வந்து பாத்தானா?" குரலை உயர்த்தவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி வுடு. வர்ற வாரம் கடேசியாமே? அந்தத் தம்பி திரும்பி வந்துடணும். உயிரோட. அப்டித்தான் நீ சொல்ற. ஜெயக்கொடி பாவம், மனசு தாங்காது."

சரளா தலையை ஆட்டினாள்.

வாசல்வரை போனவர் நின்றார். "உங்க வூட்டுக்காரு ரயிலுக்குப் போவ குரோம்பேட்டைல மெயின் ரோடைத் தாண்டித்தான போறாரு? பாத்துப் போவச் சொல்லும்மா. லாரிக்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாம வந்துகினு கீறானுங்க."

அன்றைக்குக் கேசவன் வீடு வந்து சேரும்வரை அவள் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. சொன்னால் நேரே போய்த் துளசிங்கத்தின் சட்டையைப் பிடிப்பான், அவன் சுபாவம் அப்படி. "வேற எங்கயாவது போயிடலாங்க" என்று மட்டும் சொன்னாள். "டி.வி.யில பேய்க்கதை பார்த்தா இப்படித்தான்" என்று அவன் சிரித்தான். மறுநாளிலிருந்து காலையில் அவன் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் அவள் தெருமுனைவரை கூடவே நடந்தாள். 

ஞாயிறு வந்தது. கேசவன் ஓவர்டைம் என்று போய்விட்டான். எல்லோரும் வந்தார்கள். துளசிங்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கடைசிப் பகுதியில் அந்த டில்லிக்காரன் எதையும் அவிழ்க்கவில்லை. நீல அறை காலி. நாற்காலி ஆடவில்லை. தபால்காரன் தந்தியைப் பிரித்தால் உள்ளே வெறும் காகிதம். கதையில் வந்த அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்க, பாட்டு வந்து முடிந்துவிட்டது.

"என்னம்மா இது, சிக்னல் கொடுக்காமலே வண்டியை நிறுத்திட்டான்?" என்றார் வீராசாமி.

எல்லோரும் சரளாவைப் பார்த்தார்கள். ஜெயக்கொடி மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி வந்துட்டார்" என்றாள் சரளா.  "அந்தத் தந்தியில அதான் இருந்தது. உயிரோட இருக்கார். கிணத்துல... கிணத்துல யாரும் இல்ல. பெரியவர் மேல தப்பு இல்ல."

"எங்க வந்தான்? நான் பாக்கலியே!" என்று வீராசாமி தலையைச் சொறிந்தார். துளசிங்கம், "வந்துட்டான்னு படிச்சவங்க சொல்றாங்கல்ல, அப்புறம் இன்னா" என்று எழுந்தார். போகும்போது சரளாவைப் பார்த்து நல்லது என்பதுபோல் தலையசைத்தார். தெருமுனையில் யாரையோ பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போவதாக ஜெயக்கொடியிடம் சொல்லிவிட்டுப் போனார். வீராசாமியும் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

ஜெயக்கொடி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அக்கா, எனக்கு இந்தி தெரியும்" என்றாள்.

சரளாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று தோன்றியது.

"தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸ்ல சப்பாத்தி போட்டுக் குடுக்கறேன்ல. அவங்க பேசறதெல்லாம் இந்திதான். பம்பாய் போயி அவர தேடலாம்னு நானா கேட்டுக் கேட்டுக் கத்துக்கினேன்." குழாயை மூடினாள். "இந்தக் கதைல தம்பியே கெடையாது அக்கா. கெணறும் கெடையாது. மொத மொத நீங்க தம்பின்னு சொன்னப்போ உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா, சும்மா சொல்றீங்கன்னு புரிஞ்சிச்சு. ஆனா அதக் கேட்டு நாற்காலில இருந்த மாமா மூஞ்சி மாறிச்சு. அதுக்கப்பறம் நான் டி.வி.யே பாக்கல. நீங்க பேசினீங்க, நான் அவரப் பாத்துக்கினு இருந்தேன்."

சரளா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கல்லுன்னாரே, அப்பகூட நான் நம்பல. சொந்தத் தம்பியப் போயா? அப்டின்னு மனசு அடிச்சிக்கிச்சு. இன்னிக்கு நீங்க தம்பி உயிரோட வந்துட்டாருன்னீங்க." அவள் குரல் அடங்கிப்போய்க் கிடந்தது. "அத உங்கள யாரு சொல்லச் சொன்னது அக்கா?"

பொய் ஒன்றும் வரவில்லை. இத்தனை வாரம் ஊற்றாகச் சுரந்தது, வேண்டியபோது வற்றிவிட்டது. கேசவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டுவது கண்முன் வந்தது. சரளா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. ஜெயக்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தமே வெளியே வரவில்லை.

"ஏ ஜெயா!" வாசலில் துளசிங்கத்தின் குரல். "இன்னும் இன்னா பண்ணிகினு கீற? வா, வூட்டுக்குப் போலாம்."

ஜெயக்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தோ வரேன் மாமா" என்றாள். தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள். ஆறேழு வருஷமாக அந்தக் கையால் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள், இன்றைக்கும் போய்ப் போடப்போகிறாள், அழுத முகத்தை அவர் பார்க்கத்தான் போகிறார் என்று சரளாவுக்கு உறைத்தது.

எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ வரல" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். "இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமே அங்க வரமாட்டா."

 வாசல் கேட்டின் கொக்கி தூக்கும் ஓசை. அவசரமில்லாத செருப்புச் சத்தம் ஒன்று வராந்தாவில் ஏறியது. சரளா வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததே இல்லை.

"வீராசாமி சார்!" என்று பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.