சத்தத்தை அடைத்துப் பார்த்த படம்

என் மனைவி சினிமாவைக் காதால் பார்ப்பாள். நான் கண்ணால் கேட்பேன். லேத் பட்டறையில் காலம் தள்ளியவன் நான். அங்கே பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஃபோர்மேன் திட்டுகிறாரா, டீ குடிக்கப் போகச் சொல்கிறாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அதனால் எனக்கு நடிப்புதான் படம். அவளுக்கோ பின்னணியில் யாராவது ஒரு வயலினை இழுத்தால் போதும். அவள் விடும் கண்ணீரில் முன்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மகளின் பிரசவத்துக்காக அவள் வெளியூர் கிளம்பியபோது, "நீ இல்லேன்னா நான் ராஜா மாதிரி இருப்பேன்" என்று ஸ்டேஷனே அதிர அளந்துவிட்டேன். அந்த வாரமே ராஜா தலையணையோடு பேச ஆரம்பித்துவிட்டார். பேரன் தவழத் தொடங்கியும் அவள் வருகிற வழியாக இல்லை. எப்போது வருவாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் கிரீடம் போய்விடுமே.

ஆகவே வேறு ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் வரும் படத்தை அவள் அங்கேயும் நான் இங்கேயும் போட்டுக்கொண்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி சேர்ந்து பார்ப்போம். போன ஞாயிறு பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். அவள் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்கட்டும் என்று டிவி சத்தத்தைச் சுத்தமாக அடைத்தேன். அங்கே அவளோ, கையில் தூங்கும் பேரன் வெளிச்சம் பட்டால் முழித்துக்கொள்வான் என்று டிவிக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள். இது அப்போது எனக்குத் தெரியாது.

படத்தில் ஒரு பெண், பட்டாளத்துக்குப் போன கணவனுக்காக வாசலில் காத்து நிற்கிறாள். கேமரா அவள் முகத்தை விட்டு நகர்வேனா என்கிறது. சத்தமில்லாமல் பார்த்தால், கடைவாய்ப் பல்லில் எதையோ சிக்கவைத்துக்கொண்டு நாக்கால் துழாவுகிற முகம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்திருப்பார். ஃபோனில் அவள் விசும்புவது அப்புறம்தான் காதில் விழுந்தது. அதுவும் சட்டென்று நின்றது. ஃபோனை வைத்துவிட்டாள்.

அப்படி என்னதான் நடக்கிறது என்று சத்தத்தைத் திறந்தேன். ஒற்றைப் புல்லாங்குழல். அந்தப் பெண் இன்னும் வாசலிலேயே நின்றாள். அதே வாய், அதே துழாவல். ஆனால் இப்போது அவள் அழுகையைப் பல்லுக்குப் பின்னால் பிடித்து நிறுத்துகிறாள் என்று புரிந்தது. என் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு துடைப்பான் தேவைப்பட்டது, காருக்கு இருக்குமே, அந்த மாதிரி.

திரும்பக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"நான் அழுதா உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

சத்தத்தை அடைத்த கதையைச் சொன்னேன். அந்தம்மா மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தேன் என்றேன்.

"நான் எந்த மூஞ்சியையும் பார்க்கலைங்க. திரும்பி நின்னு கேட்டுட்டு இருந்தேன். அந்தக் குழல் வந்ததும் நம்ம வீட்டு வாசல்தான் தெரிஞ்சுது. நீங்க நின்னுட்டு இருந்தீங்க, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு."

குனிந்து பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தேன்.

"எப்ப வர்றே?" என்று கேட்டே விட்டேன்.

அவள் பேரனைக் கை மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"வந்து கூட்டிட்டுப் போக ராஜாவுக்கு வழி தெரியாதா?"

படம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் நாற்காலி மேல் ஏறி, பரணிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன்.