வேம்புவுக்கு மூன்று நாள்

வேம்புவிடம் ஒன்றைச் சொன்னால் அது அவளுக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். திங்கட்கிழமை சோற்றுக்குக் கூப்பிட்டால் வியாழக்கிழமை தட்டோடு வந்து உட்காருவாள். தஞ்சாவூர் டாக்டர் இரண்டு காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்து, காதில் குறையில்லை, சொல்தான் உள்ளே வழி தெரியாமல் சுற்றுகிறது என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருந்த அந்த ஊர் அசரவில்லை. வாய்க்காலில் முறைத்தண்ணீரே எட்டு நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது, இது மூன்று நாள்தானே என்று விட்டுவிட்டது. செல்லதுரை வாத்தியார் மட்டும் ஒரு வருஷம் அவளை மக்கு என்று முட்டி போட வைத்தார். வியாழக்கிழமை அவள் சம்பந்தமில்லாமல் கத்தும் எண்களெல்லாம் திங்கட்கிழமைக் கணக்கின் சரியான விடைகள் என்று பிறகு கண்டுபிடித்து, வெட்கப்பட்டு, மதிப்பெண்ணை மூன்று நாள் கழித்தே போட ஆரம்பித்தார்.

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த வருஷம், வேம்புவின் அம்மா நீலாம்பாள் மனு போட்டாள். புருஷன் இல்லாதவள், அந்தக் குடிசையும் போனால் வாய்க்கால் கரைதான் கதி. நீலாம்பாள் போன வருஷம் வந்தவள், சட்டம் அவளுக்குப் பொருந்தாது என்று மனைக்குச் சொந்தக்காரப் பண்ணை எதிர்மனு கொடுத்தது. வெள்ளிக்கிழமை தாசில்தார் விசாரணை. செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் போகிற வேம்புவைப் பண்ணையின் காரியக்காரர் துரைக்கண்ணு தனியாக மறித்தார். “ஏ குட்டி, போன வருஷந்தான் இங்க வந்தோம்னு தாசில்தார்ட்ட சொல்லு. ஒரு டின்னு பிஸ்கோத்து வாங்கித் தாரேன்.” அவள் பேசாமல் நின்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஊருக்கே தெரிந்த மூன்று நாள் சங்கதி அவருக்குத் தெரியாது. ஆள்வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கும் வழக்கம் பண்ணையில் இல்லை.

வெள்ளிக்கிழமை குடிசை வாசலில் நடந்த விசாரணையில் துரைக்கண்ணுவே அவளை முன்னால் நிறுத்தி, “புள்ள பொய் சொல்லாது, கேளுங்க” என்றார்.

தாசில்தார் குனிந்தார். “எத்தனை வருஷமா இந்த வீட்ல இருக்கீங்க பாப்பா?”

வேம்பு காரியக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். “பிஸ்கோத்து வேணாங்க. போன வருஷம் வந்தோம்னு எப்புடிங்க பொய் சொல்றது? நான் இங்கதாங்க பொறந்தேன்.”

தாசில்தார் அங்கேயே உத்தரவு எழுதினார். நீலாம்பாள் மகளைக் கட்டிக்கொண்டு, “வீடு நமக்குத்தான்டி தங்கம்” என்று அழுதாள். வேம்பு சும்மா நின்றாள்.

திங்கட்கிழமை வகுப்பில் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. களையெடுப்பை விட்டுவிட்டு நீலாம்பாளும் வந்து சன்னலோரம் நின்றாள். பதினொன்றே காலுக்கு வேம்பு எழுந்து, “எட்டு வருஷமாங்க” என்று தாசில்தாருக்குப் பதில் சொன்னாள்.

“இருங்கடா, அடுத்தது வருது” என்றார் வாத்தியார்.

சற்று நேரத்தில் அவள் முகம் மலர்ந்தது. “அம்மா, வீடு நமக்கா!” என்று அவள் குதித்தபோது, மூன்று நாளாகச் சந்தோஷத்தை அடக்கிவைத்திருந்த வகுப்பு மொத்தமும் சேர்ந்து குதித்தது.