அட்டவணைக்குக் கீழே ஒரு வரி

"ஒரு நாட்டுல வேலைநிறுத்தத்தால ரெண்டு லட்சம் வேலைநாள் போச்சு. இன்னொண்ணுல அம்பதாயிரம். எங்க பாதிப்பு அதிகம்?"

"மொத்தம் எத்தனை பேர் வேலை பார்க்கறாங்கன்னு தெரியாம எப்படி சார் சொல்றது?"

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், புள்ளிவிவர அலுவலகத்தில் என் முதல் நாள். என் பதிலைக் கேட்டு மேலதிகாரியான அவர் சிரித்த சிரிப்பில் விழுந்தவள்தான் நான். எதற்கெடுத்தாலும் குறிப்பு எழுதுவேன் என்று எனக்கு 'அடிக்குறிப்பு' எனப் பெயர் வைத்தார். பிறகு கல்யாணம், இரட்டைப் பெண்கள். அலுவலகத்தில் என் ஜன்னலோர நாற்காலியை விட்டு எட்டு வருடங்கள் ஆயிற்று.

போன மாதம் அதில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

"அவங்ககிட்டயும் அதே கேள்வியைக் கேட்டேன். டக்குனு உன் பதிலையே சொன்னாங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் 'புதுசு'.

"புதுசு இன்னிக்கு என்ன சொன்னா?"

"அடியே, அவங்களுக்குப் பேரனே இருக்கான்!"

இருந்தால் என்ன? உட்கார்ந்திருப்பது என் நாற்காலியில்.

இன்று காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் புதுசு போட்ட அட்டவணை. மதியம் அச்சுக்குப் போகிறது. ஆயிரம் தொழிலாளருக்கு எத்தனை நாள் என்று நாடுவாரியாக வகுத்திருந்தாள். என்னைவிட அழகாக.

அப்போதுதான் கண்ணில் பட்டது. எங்கள் நாட்டுக்கு இருபத்தெட்டு, பக்கத்து நாட்டுக்கு வெறும் மூன்று. ஒரு நாளுக்குக் குறைந்த வேலைநிறுத்தத்தை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாங்களோ இரண்டு மணி நேரம் வேலை நின்றாலும் சேர்ப்போம். அதைச் சொல்லும் குறிப்பு கீழே இல்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், புதுசுக்கு நல்ல டோஸ் விழும். ஒரு நிமிடம் அந்த நினைப்பே இனித்தது. ஆனால் தப்பான அட்டவணையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"ஏங்க, இந்த வரிசைக்குக் குறிப்பு எங்க?"

குனிந்து பார்த்தவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஐயையோ! நானும் கவனிக்கலயே."

"உங்க புதுசுக்குத் தெரியலையாக்கும்?"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? இதைப் பத்தி அந்த நாட்டு ஆபீசோட ரெண்டு வருஷம் கடிதத்துலயே சண்டை போட்டது நீதானே?" பென்சிலை நீட்டினார். "எழுதிக் குடு, அடிக்குறிப்பு."

நான் வாங்கவில்லை. எட்டு வருடங்களாக நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தது வெளியே வந்தது.

"வீட்டுலேர்ந்து எழுதிக் குடுக்க மாட்டேன். நான் திரும்ப வேலைக்கு வரணும்ங்க. அவங்க பக்கத்துல எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."